கரிசல் மண்ணில் சாலை: துணியும் வலையும் விரிக்கும் முறை

கோவில்பட்டிப் பக்கம் கோடையில் கரிசல் காட்டு வெடிப்புக்குள் கையே நுழையும். ஐப்பசி மழையில் அதே மண் ஊறி உப்பிக் காலை உள்ளே இழுக்கும். அதன்மேல் போட்ட சாலையில் லாரி ஓடும்போது ஜல்லி கீழே அமிழ்கிறது, சேறு மேலே ஏறுகிறது. எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும் இந்தக் கலப்பு நிற்காது.

அதை நிறுத்த மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே துணியும் வலையும் விரிக்க வேண்டும். ஜியோடெக்ஸ்டைல் என்ற துணி தண்ணீரை ஊடே விடும், மண்ணைத் தடுக்கும். ஜியோகிரிட் என்ற வலையின் கண்களில் ஜல்லி பூட்டிக்கொள்வதால் சுமை ஏறும்போது பக்கவாட்டில் விலகாது. நொதநொதப்பான களியில் வலையை மட்டும் விரித்தால் சேறு கண் வழியே ஏறிவிடும். ஆகவே துணி அடியில், வலை அதன்மேல்.

முதலில் மண் ஆய்வு. சி.பி.ஆர். எனப்படும் தாங்குதிறன் மதிப்பை, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த மாதிரியில் கேட்டு வாங்குங்கள். காய்ந்த கரிசல் கல்லைப்போல் இருக்கும். அந்த மதிப்பை நம்பக் கூடாது. ஊறிய பிறகு பெரும்பாலும் 2, 3 சதவீதம்தான் தேறும்.

அடுத்து, வேர், கூர்க்கல் எல்லாவற்றையும் அகற்றி, பள்ளங்களை நிரப்பி, இருபுறமும் வாட்டம் கொடுத்து ரோலர் ஓட்டுங்கள்.

பிறகு துணியைச் சாலையின் நீளவாக்கில் சுருக்கமில்லாமல் உருட்டி விரியுங்கள். வெயில் இழையைக் கெடுக்கும். அன்றன்று மூட முடிந்த அளவுக்கு மட்டும் உறையைப் பிரியுங்கள். சி.பி.ஆர். 3-க்கு மேல் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று 30 முதல் 45 செ.மீ. படியட்டும், 1 முதல் 3 வரை என்றால் 60 செ.மீ. முதல் 1 மீட்டர். அதற்கும் கீழே தைத்துவிடுவதே நல்லது. ஜல்லி பரப்பிச் செல்லும் திசையில் முந்தைய துணியின் முனை அடுத்ததன் மேல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஜல்லி துணியைச் சுருட்டிக்கொண்டு போகும். துணி முடிந்ததும் வலையையும் இழுத்துப் பிடித்து, ஆணியடித்து நிறுத்துங்கள்.

பெரும்பாலான சாலைகள் கெடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். விரிப்பின்மேல் நேரடியாக எந்த வண்டியும் ஏறக் கூடாது. ஏற்கெனவே பரப்பிய ஜல்லியின்மேல் நின்று லாரி கொட்டட்டும்; அங்கிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள். இறுகியபின் குறைந்தது 15 செ.மீ. கனம் வந்த பிறகே போக்குவரத்து. ஊறிய களியில் முதல் அடுக்குக்கு அதிர்வு ரோலர் வேண்டாம், சேற்றை மேலே உறிஞ்சிவிடும். சக்கரத் தடம் விழுந்தால் மேடுகளைச் சீவாதீர்கள். சீவினால் விரிப்பின்மேல் உள்ள கனம் குறைந்துவிடும். பள்ளத்தில் ஜல்லி போட்டு நிரப்புங்கள்.

கிராமச் சாலை என்றால் தென்னை நார் விரிப்பையும் கேட்டுப் பாருங்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் 2020 முதல் அதற்கு இடம் உண்டு. சில ஆண்டுகளில் அது மட்கிவிடும், ஆனால் அதற்குள் அடிமண் இறுகியிருக்கும்.

கரிசல் உப்புவதைத் துணியோ வலையோ நிறுத்தாது. அதற்குத் தண்ணீர் தேங்காதிருக்க வேண்டும். ஜல்லி அடுக்கைப் பக்க வாய்க்கால் வரை நீட்டிவிடுங்கள். ஓரத்தைக் களிமண்ணால் அடைத்தால் உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற வழியிருக்காது.