குட்டி லேப்டாப்பில் தமிழும் பர்மியமும்: வாங்குவது முதல் தட்டச்சு வரை

யாங்கூனில் ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் பர்மிய மொழிதான். அதனால் பாடத்தாளில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலும் பர்மியப் பொருள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு முழுக்க நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டில் இருந்த பெரிய லேப்டாப் இரண்டரைக் கிலோ. மழைக்காலத்தில் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பாடப் புத்தகங்கள், தோளில் அந்தக் கல் என்று பஸ் ஏறுவது முடியாத காரியமாகிவிட்டது. போதாததற்கு அதன் பேட்டரி கரண்ட் போன இருபதாவது நிமிடத்தில் கண்ணை மூடிவிடும்.

அதனால் போன மாதம் பழைய கணினி விற்கும் கடையில் 10.1 அங்குலத் திரை உள்ள ஒரு குட்டி லேப்டாப் வாங்கினேன். எடை ஒன்றே கால் கிலோ. மூன்று வாரமாக எல்லா வேலையும் இதில்தான் நடக்கிறது. தமிழும் பர்மியமும் சேர்த்து எழுத இதை எப்படித் தயார் செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பென்டிரைவ் என்றால் என்ன, ஃபைலை எப்படி இறக்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கடையிலேயே பார்க்க வேண்டியது

இந்த வகைக் கணினிகள் பரவலானது 2007 அக்டோபரில் தைவானின் ஏசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற மாடலை விற்கத் தொடங்கியபோது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி சேமிப்பு, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அடுத்த ஆண்டே இன்டெல்லின் ஆட்டம் சில்லு வந்தது, பல நிறுவனங்களும் இறங்கின. இன்று பழைய கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த ஆட்டம் காலத்துப் பிள்ளைகள்தான்.

கடைக்காரர் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தமிழில் எழுதப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கீபோர்டின் வலது ஓரம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையின் விசைப்பலகையில் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் எங்கே இருக்கின்றன? ஆங்கிலத்தில் சதுர அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு இருக்கும் பொத்தான்களில். ஆங்கிலம் எழுதுகிறவருக்கு அவை எப்போதாவது தேவைப்படும் குறிகள், அதனால் கணினியைச் சுருக்கும்போது முதலில் அந்தப் பொத்தான்களைத்தான் ஒடுக்குகிறார்கள். நமக்கோ 'நான்', 'நீங்கள்', 'செய்', 'யார்' என்று எதைத் தொட்டாலும் அங்கேதான் போக வேண்டும், அதுவும் ஐந்தையும் வலது கைச் சுண்டுவிரல் ஒன்றே தட்ட வேண்டும்.

நான் முதலில் எடுத்துப் பார்த்தது 8.9 அங்குலம். கையில் புத்தகம் மாதிரி இருந்தது, ஆசையாகவும் இருந்தது. ஆனால் ச இருக்க வேண்டிய பொத்தான் பாதி அகலம், ழ வர வேண்டிய இடத்துக்கு ஒட்டினாற்போல் மேல் அம்புக்குறி. நான்கு வார்த்தை தட்டியதுமே சுண்டுவிரல் வேறு பொத்தானில் போய் விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு 10.1 அங்குலத்தை எடுத்தேன். கடையில் தமிழ் நிறுவியிருக்க மாட்டார்கள், பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஐந்து பொத்தான்களையும் சுண்டுவிரலால் பத்து முறை மாறி மாறித் தட்டிப் பாருங்கள். தவறாமல் விழுந்தால் வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ராமையும் டிஸ்க்கையும் பெரும்பாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், கீபோர்டின் அமைப்பை மாற்ற முடியாது.

ராமும் டிஸ்க்கும்

என்னுடையதில் இருப்பது ஆட்டம் என்455. ஒரு ஜிபி ராமோடு வந்தது, இந்தச் சில்லு ஏற்பது அதிகபட்சம் 2 ஜிபிதான், அதனால் 2 ஜிபி துண்டு ஒன்று வாங்கிப் போட்டேன். சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். கணினி திறக்கும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது, பைக்குள் ஆடிக் குலுங்கினாலும் பயமில்லை. சில மாடல்களில் அடிமூடியைக் கழற்றினாலே போதும், சிலவற்றில் கீபோர்டைத் தூக்க வேண்டும். தூக்கும்போது அதன் அடியில் இருக்கும் நாடா ஒயரை இழுத்துவிடாதீர்கள்.

லினக்ஸ் ஏற்றுவது

2 ஜிபியில் இன்றைய விண்டோஸ் மூச்சு வாங்கும். விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்டது எம்எக்ஸ் லினக்ஸ் 23, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. இது டெபியன் 12 என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இதை விட லேசானவை உண்டு, ஆன்டிஎக்ஸ் அதில் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் புதிதாக வருகிறவருக்கு எம்எக்ஸ்தான் என் சிபாரிசு. காரணம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: அதில் மெனு பட்டை திரையின் அடியில் இல்லாமல் இடது பக்கம் நெட்டுக்குத்தாக இருக்கிறது. நம் திரை 1024க்கு 600 புள்ளிகள். அகலம் தாராளம், உயரம்தான் பஞ்சம். அடியில் ஒரு பட்டை உட்கார்ந்தால் தாளில் இரண்டு வரி போய்விடும்.

விண்டோஸ் கணினியில் எம்எக்ஸ் ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். எழுதும் முன் எந்த முறையில் என்று கேட்கும், டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் குட்டி லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஸ்கேப் அல்லது எஃப்12, கம்பெனிக்குத் தகுந்தபடி. சிலவற்றில் எஃப்12 பூட்டியே வரும், எஃப்2 தட்டி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அதைத் திறந்துவிட வேண்டும்.

டெஸ்க்டாப் வந்துவிடும், நிறுவும் ஐகானை அழுத்துவீர்கள். இங்கேதான் நான் ஒரு ராத்திரி முழுக்க நின்றேன்.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அடுத்து என்ன என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. 'அடுத்து' என்ற பொத்தானே கண்ணில் படவில்லை. விண்டோவின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போயிருந்தது. இழுத்துச் சிறிதாக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேலே தூக்கப் பார்த்தால் தலைப்புப் பட்டை திரையின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பென்டிரைவில்தான் பழுது என்று நினைத்து மூன்று முறை திரும்பத் திரும்ப எழுதினேன். நடுவில் கரண்ட் போனது. ஒன்பதரைக்குத் தெருவே சேர்ந்து "மீ லா ப்யீ!" என்று கத்தியது. யாங்கூனில் வெளிச்சம் திரும்பி வந்தால் பிள்ளைகள் எழுப்பும் அந்தக் கூச்சல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மறுபடி உட்கார்ந்து நாலாவது முறை பார்த்தபோதும் அதே கதை.

தீர்வு இதுதான். ஆல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விண்டோவின் நடுவில் எங்கே வேண்டுமானாலும் மவுஸால் இடது பொத்தானை அழுத்தி மேலே இழுங்கள். தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போகும், அடியில் ஒளிந்திருந்த பொத்தான் மேலே வரும். அவ்வளவுதான். டச்பேடில் இரண்டு கையும் வேண்டியிருக்கும், இடது கைக் கட்டைவிரலை ஆல்டில் வைத்துக்கொண்டால் சுலபம். நிறுவும்போது மட்டுமில்லை, பிரிண்டர் அமைப்பு, எழுத்துரு அமைப்பு என்று பின்னால் வரும் பல விண்டோக்களும் 600 புள்ளி உயரத்துக்குள் அடங்காது. இதை விரலில் பழக்கிக்கொள்ளுங்கள், குட்டித் திரையோடு வாழ இது ஒன்று போதும்.

மீதி எல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிற வேலை. வைஃபை பிடிக்கவில்லை என்றால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் சேர்த்து, போனின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் கணினி அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அந்த இணைப்பை வைத்து, வைஃபை கருவி இயங்க வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளை இறக்கிவிடலாம்.

தமிழும் பர்மியமும்

மென்பொருள் நிறுவும் கருவியான சினாப்டிக்கைத் திறந்து, பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். கூடவே எழுத்துருக்கள்: தமிழுக்கு நோட்டோ அல்லது லோகித், பர்மியத்துக்குப் படௌக். படௌக் என்பது திங்யான் என்ற பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில், ஏப்ரல் மாதத்தில், முதல் மழை பட்டதும் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும் அந்த மரத்தின் பெயர், நம் வேங்கையின் இனம். எழுத்துருவும் பார்க்க அழகு, சின்னத் திரையிலும் கூட்டெழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. எனக்கு வேறு எதுவும் பிடிப்பதில்லை.

அடுத்து ஐபஸ் விருப்பங்களில் உள்ளீட்டு முறை பக்கத்துக்குப் போய் தமிழ்99-ஐயும் பர்மிய விசைப்பலகையையும் சேருங்கள். சூப்பர் பொத்தானோடு (விண்டோஸ் சின்னம் உள்ளது) ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். கணினியின் சாதாரண கீபோர்டு அமைப்பிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும், அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். அது பொத்தானுக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தரும், தமிழ்99-ன் உயிரே தானாக விழும் புள்ளிதான். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. ந, த என்று தட்டினால் ந்த. புள்ளியைத் தேடி விரல் ஓடவே வேண்டாம். புள்ளி வரக் கூடாத இடத்தில் நடுவில் ஓர் அ தட்டுங்கள்: த, அ, த, உ, ம, ப, உ என்றால் ததும்பு. நடுவில் அந்த அ இல்லாவிட்டால் த்தும்பு என்று வந்து நிற்கும்.

எல்லாம் செய்த பிறகும் பாடத்தாள் எழுதும் மென்பொருளான லிப்ரே ஆபிஸில் ஆங்கிலமே வருகிறதா? ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் ஐபஸைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்று வாரத்தில் கண்டது

எழுத்து வேலைக்கு இது போதும், இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். லிப்ரே ஆபிஸ் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது, திறந்த பிறகு தட்டுகிற வேகத்துக்கு ஈடு கொடுக்கிறது. பிரவுசரில் இரண்டு டேப்புக்கு மேல் திறக்காதீர்கள். வீடியோ பார்க்க இதை வாங்க வேண்டாம். புதிய பேட்டரி போட்டதும் மூன்றரை மணி நேரம் நிற்கிறது. சார்ஜரில் 19 வோல்ட், 2.1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, பெருக்கினால் 40 வாட். வீட்டில் கார் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு சுமையே இல்லை, ஒரு டியூப்லைட் எரிகிற மாதிரிதான்.

பின்சேர்க்கை 1: மோல்மேனிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், பழைய பர்மியக் கோப்புகளைத் திறந்தால் எழுத்துகள் குலைந்து கிடக்கின்றன, படௌக்கை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்று. அவை ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதியவை. ஸோஜியும் இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடும் ஒரே எண் இடங்களை வேறு வேறு எழுத்துகளுக்குப் பயன்படுத்துகின்றன, அதனால் எழுத்துருவை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, உரையையே மாற்ற வேண்டும். ஸோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. நாட்டில் 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறியாகிவிட்டது, அதற்கு முந்தைய தேதியிட்ட கோப்பு என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பின்சேர்க்கை 2: பென்டிரைவிலிருந்து ஏறவே இல்லை, இந்தச் சில்லுக்கு ஒத்துவராது என்று செய்தி வருகிறது என்றார்கள் இரண்டு பேர். உங்களுடையது ஆட்டம் என்270 ஆக இருக்கும், அது 32 பிட் மட்டுமே, 64 பிட் பதிப்பு அதில் ஓடாது. எம்எக்ஸ் 23-ல் 32 பிட் பதிப்பும் இருக்கிறது, அதை இறக்குங்கள். மற்றபடி மேலே சொன்னதில் எதுவும் மாறாது.

பின்சேர்க்கை 3: பொத்தான்களில் தமிழ் எழுத்து ஒட்ட வேண்டுமா என்று என் வகுப்புப் பிள்ளைகளே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம். வலது ஓரத்து ஐந்துக்கு மட்டும் வெள்ளைத் தாளில் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி போன வாரம் ழ-வைத் தேடாமலே 'வாழைப்பழம்' தட்டினாள், பக்கத்தில் பர்மியத்தில் பொருளையும் அவளே எழுதினாள். அந்தத் தாளைத்தான் இந்த வாரம் எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கப்போகிறேன்.