ஈஸிசேர் மூட்டு ஆடாமல் இருக்க

தாத்தா காலத்து ஈஸிசேரை வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கும்பகோணம், மாயவரம் பக்கம் ஐப்பசி அடைமழையில் கழுந்து (குறுக்குச் சட்டத்தின் முனையில் விடும் நாக்கு) செதுக்கி, நாற்காலிக் காலின் துளையில் பொருத்தாதீர்கள். ஈரக்காற்றில் மரம் குறுக்குவாட்டில் உப்பியிருக்கும். அப்போது இறுக்கமாகத்தான் தெரியும். சித்திரை வெயிலில் சுருங்கிவிடும், உட்கார்ந்தால் ‘கிறீச்’. பூவரசில் நான் செய்த முதல் நாற்காலி அப்படித்தான் ஆனது.

பங்குனி, சித்திரையில் பொருத்துங்கள். பசையை மட்டும் நம்பாமல் மூங்கில் ஆணியும் அடியுங்கள். இதில்தான் சூட்சுமம். முதலில் காலில், கழுந்துத் துளைக்குக் குறுக்கே 8 மி.மீ. ஓட்டை போடுங்கள். கழுந்தைச் செருகி, அதே ட்ரில் பிட்டின் முனையால் அதன்மேல் புள்ளி வையுங்கள். பிறகு கழுந்தை உருவி, புள்ளியிலிருந்து 1 மி.மீ. அடிப்பக்கமாக, அதாவது சட்டத்தை நோக்கித் தள்ளி ஓட்டை போடுங்கள். நுனி சீவிய ஆணியை அடிக்க அடிக்க, சட்டம் காலோடு இழுபட்டு இறுகும். தப்பித்தவறி எதிர்ப்பக்கம் தள்ளினால் மூட்டு வாய் பிளந்துவிடும்!

முற்றிக் காய்ந்த மூங்கிலாக இருக்கட்டும். இரும்பாணி வேண்டாம், நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் சீக்கிரமே துரு ஏறும்.