டிவி டிரான்ஸ்மிட்டர் வடிவமைப்பு: ஆன்டெனாவில் தொடங்கி எக்சைட்டர் வரை

டிரான்ஸ்மிட்டரைப் பற்றிப் படிக்கும்போது பெரும்பாலும் கேமராவில் ஆரம்பித்து ஆன்டெனாவில் முடிப்பார்கள். சிக்னல் போகிற திசை அதுதான். ஆனால் ஒரு நிலையத்தை வடிவமைக்க உட்காருகிறவர் எதிர்த்திசையில் வர வேண்டும். எந்த ஊர் வரை படம் தெரிய வேண்டும், அதற்கு எவ்வளவு உயரம், எவ்வளவு பவர் என்று பார்த்துவிட்டு, படத்தையும் ஒலியையும் சேனலின் அலைவெண்ணில் ஏற்றித் தரும் எக்சைட்டரைக் கடைசியாகத் தொட்டால் போதும்.

உதாரணத்துக்கு, தூர்தர்ஷன் நெடுநாள் பயன்படுத்திய வகையை எடுத்துக்கொள்வோம்: பால்-பி (PAL-B) என்ற அனலாக் முறை, 10 கிலோவாட், விஎச்எஃப் (VHF) அலைவரிசையின் 5ஆம் சேனல். அனலாக் ஒளிபரப்பு இந்தியாவில் ஏறக்குறைய முடிந்த கதை. இருந்தாலும் புதிதாகக் கற்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு கட்டமும் என்ன செய்கிறது என்பதை சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் கண்ணால் பார்க்கலாம். டிஜிட்டல் சிக்னல் அதே திரையில் வெறும் இரைச்சலாகத்தான் தெரியும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. உரிமம் இல்லாமல் ஒளிபரப்புவது குற்றம்.

படி 1: உயரம்

விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். எட்டும் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட, கோபுர உயரம், வீட்டு ஆன்டெனா உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியாக வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்குங்கள். 150 மீட்டர் கோபுரம், 10 மீட்டரில் வீட்டு ஆன்டெனா என்றால் சுமார் 63 கி.மீ. ராமேஸ்வரத்தில் இருக்கும் 323 மீட்டர் டிவி கோபுரத்துக்குப் போட்டால் 87 கி.மீ. வரும். உயரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் தூரம் 24 கி.மீ.தான் கூடியிருக்கிறது. அதனால்தான் மலை கிடைத்தால் யாரும் விட மாட்டார்கள். கொடைக்கானலில் டிரான்ஸ்மிட்டர் வைத்ததும், இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலைக்குப் போனதும் இந்தக் கணக்கால்தான். ரூபவாஹினி ஒரு காலத்தில் நம் தென்கோடி ஊர்களில் தெளிவாகத் தெரிந்ததற்கும் அந்த உயரமே பெரிய காரணம்.

படி 2: பவர்

டிரான்ஸ்மிட்டர் கொடுக்கும் 10 கிலோவாட் அப்படியே வானத்துக்குப் போவதில்லை. ஆன்டெனாவுக்கு ஏறும் ஃபீடர் கேபிளில் 1 டெசிபல் (பவர் விகிதத்தைச் சொல்லும் அளவு) இழப்பு என்றால் மேலே போய்ச் சேருவது 7.9 கிலோவாட். ஆன்டெனாவின் கெயின், அதாவது பவரை வேண்டிய திசையில் குவிக்கும் திறன், 8 டெசிபல் என்றால் அது 6.3 மடங்காகி, தொடுவானத்தை நோக்கிச் சுமார் 50 கிலோவாட்டுக்குச் சமமாகிறது. கெயின் 11 டெசிபல் உள்ள ஆன்டெனா வைத்தால் 5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரிலேயே இதே பலன் கிடைத்துவிடும். மாதாமாதம் வரும் மின்கட்டணமும் குறையும். ஆனால் கெயின் கூடக்கூடக் கற்றை மெலிந்து, கோபுரத்தின் அடியில் இருக்கும் தெருக்களுக்குச் சிக்னல் குறையும். மலை உச்சி என்றால் கற்றையைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டியிருக்கும்.

படி 3: பவர் ஆம்ப்ளிஃபயர்

10 கிலோவாட்டை ஒரே ஆம்ப்ளிஃபயரில் எடுக்காமல், இரண்டு 5 கிலோவாட்டை ஹைபிரிட் கம்பைனரில் சேர்ப்பது பழைய வழக்கம். ஒன்று செத்தால் பாதி மிஞ்சும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மிஞ்சுவது கால்வாசி. வேலை செய்கிற ஆம்ப்ளிஃபயரின் 5 கிலோவாட்டில் பாதி, கம்பைனரின் நான்காவது முனையில் உள்ள டம்மி லோடு என்ற மின்தடைக்குப் போய்ச் சூடாகிவிடும். ஆன்டெனாவுக்குக் கிடைப்பது 2.5 கிலோவாட்தான். கம்பைனரை ஒதுக்கிவிட்டு நேராக இணைக்க ஒரு பேட்ச் பேனல் வைத்தால் முழு 5 கிலோவாட்டும் திரும்பக் கிடைக்கும்.

புதிய டிரான்ஸ்மிட்டர்களில் சின்னச் சின்ன டிரான்சிஸ்டர் மாட்யூல்களாகப் பிரித்துவிடுகிறார்கள். எட்டு மாட்யூலில் ஒன்று போனால் எட்டில் ஏழின் வர்க்கம், அதாவது 77 சதவீதம் பவர் மிச்சம். வீட்டில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஒலிக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், பட பவரில் பத்தில் ஒரு பங்கு. இரண்டையும் டைபிளெக்சர் சேர்த்து ஒரே கேபிளில் ஏற்றும்.

படி 4: எக்சைட்டர்

எல்லாச் சேனலுக்கும் ஒரே மாதிரி எக்சைட்டர் செய்ய ஒரு வழி உண்டு. படத்தை முதலில் 38.9 மெகாஹெர்ட்ஸிலும் ஒலியை 33.4 மெகாஹெர்ட்ஸிலும் ஏற்றிவிட்டு, அப்புறம் வேண்டிய சேனலுக்கு மாற்றுவது. 5ஆம் சேனலுக்கு, மாற்றுவதற்கான அலையைத் தரும் ஆசிலேட்டரை 214.15 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். கழித்துப் பார்த்தால் படம் 175.25, ஒலி 180.75. இடைவெளி அதே 5.5 மெகாஹெர்ட்ஸ், மேல் கீழ் மட்டும் இடம் மாறிவிட்டது.

படம் அலைவீச்சிலும் ஒலி அலைவெண்ணிலும் பண்பேற்றப்படுகின்றன. சேனல் அகலம் 7 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் படத்தின் கீழ்ப் பக்கப்பட்டையில் (பட அலைவெண்ணுக்குக் கீழே விரியும் பகுதி) 0.75 மெகாஹெர்ட்ஸ் மட்டும் முழுதாக விட்டு, மீதியை ஒரு ஃபில்டர் வெட்டிவிடும்.

படி 5: பவரை அளப்பது

பால்-பியில் படத்தின் ஒவ்வொரு வரியையும் இடத்தில் நிறுத்தும் சிங்க் துடிப்புதான் உச்சம், 100 சதவீதம். கறுப்பு சுமார் 75, வெள்ளை சுமார் 10. அதாவது திரை வெளுக்க வெளுக்க பவர் இறங்கும். ஆகவே சராசரி பவரை நம்பித் தானியங்கிக் கட்டுப்பாடு அமைத்தால், வெள்ளைக் காட்சி வரும்போதெல்லாம் அது டிரைவை (ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் சிக்னலை) ஏற்றும், சிங்க் நசுங்கும், வீட்டுத் திரையில் படம் உருள ஆரம்பிக்கும். கட்டுப்பாடு சிங்க் உச்சியைப் பிடித்துத்தான் இயங்க வேண்டும். மீட்டரைச் சரிபார்க்க, ஒலியை அணைத்து, முழுக் கறுப்புப் படம் கொடுத்து, டம்மி லோடில் சராசரியை அளந்து 1.68 ஆல் பெருக்குவார்கள். 5.95 கிலோவாட் காட்டினால் உச்சம் 10 கிலோவாட்.

படி 6: கட்டுப்பாடு

கட்டுப்பாட்டுப் பெட்டியின் முக்கியமான வேலை ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்வது. வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் எப்படி எழுகிறது என்று பாருங்கள். முதலில் குளிர்விக்கும் ப்ளோயர். காற்று ஓடுவதைக் காற்று ஸ்விட்ச் உறுதிசெய்த பிறகு வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்ட். அது சூடேறும் வரை டைமர் பிடித்து வைக்கும். அடுத்து மின்னோட்டத்தை அடக்கி வைக்கும் கிரிட் பயாஸ், அதன் பின் பிளேட்டுக்கு உயர் மின்னழுத்தம், அதற்கும் பின்னால் ஸ்கிரீன் கிரிட், எல்லாம் முடிந்து டிரைவ். பயாஸ் இல்லாமல் பிளேட் மின்னழுத்தம் வந்தால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். பிளேட் இல்லாமல் ஸ்கிரீன் வந்தால் மின்னோட்டம் ஸ்கிரீன் வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கும். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழ். ப்ளோயர் மட்டும் இன்னும் சில நிமிடம் ஓட வேண்டும்.

கதவு இன்டர்லாக்கும் இதே சங்கிலியில் ஒரு கண்ணி. கதவைத் திறந்தால் உயர் மின்னழுத்தம் உடனே அறுந்துவிடும். ஆனாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். உள்ளே கொக்கியில் தொங்கும் எர்த்திங் ராடால் தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவர். விஎஸ்டபிள்யூஆர் (VSWR, கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு) 1.5 என்றால் 4 சதவீதம், நம் கணக்கில் 400 வாட், திரும்பும். இது எல்லை மீறும்போது அறுக்கும் வேலையை மென்பொருளிடம் விடாதீர்கள். மின்னழுத்தத்தை எல்லையோடு ஒப்பிடும் ஒரு கம்பரேட்டர் நேராக டிரைவை வெட்டட்டும், மென்பொருள் பிறகு சாவகாசமாகப் பதிவு செய்துகொள்ளட்டும். மின்னல் வெட்டி ஒரு கணம் ஆர்க் (மின்பொறி) அடித்திருந்தால், டிரைவை மறுபடி போட்டதும் எல்லாம் சரியாக ஓடும். கேபிளே கருகியிருந்தால் ஒவ்வொரு முயற்சியும் அதை இன்னும் எரிக்கும். அதனால் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, ஆள் வந்து ரீசெட் செய்யும் வரை பூட்டிக்கொள்ளும்படி அமையுங்கள்.

எக்சைட்டர் இரண்டு இருக்கும். ஒன்று கெட்டால் மற்றது தானாக ஏற்கும். இங்கே புதியவர்கள் ஒரு நிபந்தனையை விட்டுவிடுவார்கள்: ஸ்டுடியோவிலிருந்து வீடியோவே வரவில்லை என்றால் மாற்றக்கூடாது. இல்லாவிட்டால் பழுதே இல்லாத இரண்டு எக்சைட்டரும் ராத்திரி முழுக்க மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும்.

தொலைவிலிருந்து இயக்குவதற்கு லோக்கல்–ரிமோட் சாவி ஒன்று போதும். சாவி லோக்கலில் இருக்கும்போது ரிமோட்டில் அளவுகளைப் பார்க்க மட்டுமே முடிய வேண்டும், எந்தக் கட்டளையும் ஏறக்கூடாது. கோபுரத்தில் ஏறுகிறவர் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, சாவியை லோக்கலில் திருப்பி, உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்த நிலையில் கழற்ற வருகிற மாதிரியான சாவியாகப் பார்த்து வாங்குங்கள்.