ஏர் ரைஃபிள் பெல்லட் தட்டுப்பாடு: ஒரு டின்னை எப்படி ஓட்டுவது

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தகுதிச் சுற்று 60 ஷாட். அதற்கு முந்தைய சோதனைச் சுடுதலில் 15, 20 போய்விடும். ஆக, போட்டி மாதிரி ஒரு முழுப் பயிற்சி செய்தால் 80 பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு, காலி. வாரம் நாலு நாள் என்றால் 320. 500 பெல்லட் கொண்ட டின் பதினொரு நாளைத் தாண்டாது. வருஷத்துக்கு 33 டின் வேண்டும். டின் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் 2 ரூபாய். இந்தக் கணக்கை முதலில் உங்கள் நோட்டில் உங்கள் எண்களைப் போட்டு எழுதிவிடுங்கள். என்ன செலவாகிறது என்று தெரியாமல் சிக்கனம் பேச முடியாது.

போட்டித் தரப் பெல்லட் பெரும்பாலும் ஜெர்மனி, செக் நாடு, சீனாவிலிருந்து வருகிறது. ஒரு சரக்கு தீர்ந்து அடுத்தது வருவதற்குள் விலை ஏறும், சில வகை மொத்தமாகவே காணாமல் போகும். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் வாங்குபவர்களும், பார்சலில் வரவழைப்பவர்களும்தான் நம் வேலூர்ப் பக்கம் அதிகம். போட்டிக் காலத்துக்கு முந்தைய வாரத்தில் போனால் கிடைத்ததை வாங்க வேண்டியதுதான். அதனால் சரக்கு இருக்கும் மாதத்தில், அவசரமில்லாத போது வாங்குங்கள்.

‘பழைய ஈயத்தை உருக்கி நாமே வார்த்துக்கொள்ளலாமே’ என்ற கேள்வி ஒவ்வொரு தட்டுப்பாட்டிலும் வரும். ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம். பெல்லட் வார்க்கப்படுவதில்லை, ஈயக் கம்பியைத் துண்டாக்கி அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். தலை அளவு 4.49, 4.50, 4.51 மிமீ என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பிரித்து விற்கும் பொருளை வீட்டு அடுப்பில் செய்ய முடியாது. கிடைப்பது ஈயப் புகை மட்டும்தான். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்புவது இன்னும் பெரிய வில்லங்கம்: 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். மேலை நாட்டுக்காரர்கள் செய்வதைக் காணொளியில் பார்த்துவிட்டு இங்கே தொடங்காதீர்கள்.

ஏர் ரைஃபிளுக்கு வருவோம். குழாய் 4.5 மிமீக்கு மிகாமலும் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைவாகவும் இருந்தால் உரிமம் தேவையில்லை. ஆனாலும் விற்பவர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார். நகல் கையில் இருக்கட்டும். 5.5 மிமீ குழாய்க்கு இந்தச் சலுகை கிடையாது. காக்கை, குருவி, அணில் மேல் குறி வைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றுமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அவர்களை அது கவனித்துக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல பெல்லட் உண்மையில் தேவை?

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ரைஃபிள் இலக்கில் ஒரு ஷாட்டுக்கு முழுப் புள்ளியான பத்து என்பது வெறும் 0.5 மிமீ புள்ளி. 4.5 மிமீ பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. அதாவது துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மிமீக்குள் விழ வேண்டும். ஆகவே, எல்லாமே பத்தாக இருக்கும் குரூப்பின், அதாவது ஒரே குறியில் சுட்ட துளைக் கூட்டத்தின், வெளி விளிம்பு அகலம் 9.5 மிமீ வரை இருக்கலாம்.

பிஸ்டல் இலக்கில் பத்து 11.5 மிமீ. அதே கணக்கைப் போட்டால் மையம் 8 மிமீ வரை விலகலாம். 20 மிமீ அகலக் குரூப்பும் பத்துக்குள்தான். மலிவான பயிற்சிப் பெல்லட்டே பிஸ்டலில் இதைவிட நன்றாகச் சுடும். பிஸ்டல்காரர்கள் பயிற்சிக்கு விலை உயர்ந்த டின்னை உடைப்பது, தயிர் சாதத்துக்குக் குங்குமப்பூ போடுவது போல. ரைஃபிள்காரர்களுக்கு மட்டும்தான் இது நியாயமான கவலை. அவர்களிலும் 60 ஷாட்டில் 600க்கு 570ஐத் தாண்டாதவர்களுக்கு, தவறு டின்னில் இல்லை. நிற்கும் நிலையிலும் விசை அழுத்துவதிலும் இருக்கிறது.

எனவே மூன்று வகை டின் வைத்துக்கொள்ளுங்கள். நிலைப் பயிற்சிக்கு மலிவானது. புள்ளி எண்ணும் பயிற்சிக்கு நடுத்தரம். போட்டிக்கும் அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் உங்கள் குழாய்க்குப் பொருந்திய ஒரே லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கு. மூன்றின் எடையும் ஒன்றாக இருக்கட்டும்: ரைஃபிளுக்கு ஏறத்தாழ 0.53 கிராம், பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.49 வரை. எடை மாறினால் விழும் இடம் மாறும், சைட்டை, அதாவது குறி பார்க்கும் கருவியை, திருகித் திருகியே பத்து பெல்லட் போகும்.

வாங்கும்போது

டின்னின் பின்பக்கம் லாட் எண்ணும் தலை அளவும் இருக்கிறதா பாருங்கள். ஓரம் சுற்றிய ஒட்டுநாடா பிரிந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். எண்ணிக்கையில் சந்தேகமா? 500 பெல்லட்டை 0.53ஆல் பெருக்கினால் 265 கிராம். மளிகைக் கடைத் தராசில் கொட்டி நிறுத்தாலே போதும்; 10 கிராம் குறைந்தால் கிட்டத்தட்ட 19 பெல்லட் இல்லை.

தனியாக இரண்டு டின் வாங்குவதைவிட மூன்று, நாலு பேர் சேர்ந்து ஒரே லாட்டில் மொத்தமாக எடுப்பது நல்லது. ராணிப்பேட்டையிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் சுடுபவர்கள் தனித்தனியே ஆர்டர் போட்டால் ஆளுக்கொரு பார்சல் கூலி, ஆளுக்கொரு லாட். ஆனால் மொத்தமாக எடுப்பதற்கு முன் அந்த லாட்டில் ஒரு டின்னை மட்டும் வாங்கிச் சோதியுங்கள். ஒருவர் குழாய்க்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம், அதனால் நாலு ரைஃபிளிலும் சுட்டுப் பாருங்கள்.

சோதனை முறை: மேசை மேல் மணல் மூட்டையில் ரைஃபிளை வைத்து, சைட்டைத் தொடாமல், பத்து பத்தாக ஐந்து குரூப். ஒவ்வொன்றிலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்பை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். ஐந்தின் சராசரி 7 மிமீக்குள் வந்தால் அந்த லாட் தாராளமாகப் போதும். ஒரே ஒரு குரூப் 5.5 வந்தது என்று துள்ளாதீர்கள். சராசரிதான் பேச வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு ரைஃபிளுக்கு 50 பெல்லட் செலவு. பத்து டின் வாங்கிவிட்டுப் பொருந்தவில்லை என்று தெரிவதைவிட அது மலிவு.

பெல்லட்டே இல்லாமல் பயிற்சி

தட்டுப்பாட்டில் கைகொடுப்பது டிரை ஃபயர். போட்டி ரைஃபிள்களில் இதற்கென்றே ஒரு நெம்புகோலோ பொத்தானோ உண்டு. காற்று செலவாகாமல் விசை மட்டும் உண்மை போலவே விழும். இரண்டு டிரை, ஒரு நிஜ ஷாட் என்ற விகிதத்தில் போனால் 80 பெல்லட் நாளை 30க்குள் முடிக்கலாம். முதல் 20 நிமிடம் இலக்கே வேண்டாம், வெள்ளைச் சுவர் போதும். விசை விழும் நொடியில் முன் சைட்டின் வளையம் எந்தப் பக்கம் துள்ளியது என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த ஷாட்டைக் கண் மூடிச் சுட்டிருக்கிறீர்கள். நிஜப் பெல்லட் போட்டிருந்தாலும் 2 ரூபாய் வீண்தான்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர்கன்னில் பெல்லட் இல்லாமல் விசையை அழுத்தவே கூடாது. பெல்லட்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தையை உண்டாக்குகிறது. அது இல்லாவிட்டால் பிஸ்டன் போய் முட்டும். வாஷர் கிழியும், ஸ்பிரிங் உடையும். நாலு பெல்லட் மிச்சம் பிடிக்கப் போய் ரிப்பேர் கூலி கொடுப்பீர்கள்.

டின்னைப் பிரித்த பிறகு

பார்சலில் குலுங்கி வரும் டின்னில் சில பெல்லட்டின் ஸ்கர்ட், அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, நசுங்கியிருக்கும். வெள்ளைத் துணியில் ஐம்பது ஐம்பதாகப் பரப்பி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகமானதைச் சற்றே சாய்த்த கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் உருளும், நெளிந்தது தள்ளாடும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். சைட் சரிபார்க்கும் முன் குழாயைப் பழக்குவதற்குச் சுட வைத்துக்கொள்ளலாம்.

எடை பார்த்துப் பிரிப்பது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் சட்டைப்பை அளவில் விற்கும் நகைத் தராசு 0.01 கிராம்தான் காட்டும். 0.53க்கும் 0.54க்கும் நடுவே உண்மையில் என்ன என்று அதற்குத் தெரியாது. மில்லிகிராம் காட்டும் தராசு தங்க வேலைப் பட்டறைகளில் இருக்கும். காத்து வீசாத இடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுத்தால்தான் எண் நிற்கும். நல்ல லாட்டில் இதனால் கிடைக்கும் லாபம் சொற்பம். அந்த இரண்டு மணி நேரத்தை டிரை ஃபயரில் போடுங்கள் என்பதே எங்கள் கட்சி.

வெயிலூரின் கத்திரி வெயில் ஈயத்தை ஒன்றும் செய்யாது. கெடுப்பது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி திறந்த டின்னில் வெள்ளைப் பொடி பூக்கும். வியர்த்த விரல்பட்ட பெல்லட்டில் முதலில் வரும். மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வெறுமனே கொட்டி வைக்காதீர்கள். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். அதே டின்னில், மூடிக்கு அடியில் வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்து, மொத்தத்தையும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஸ்பாஞ்ச் குலுங்கலையும் தடுக்கும். வெள்ளைப் பொடி பூத்துவிட்டதைத் தேய்த்துத் துடைத்துச் சுட வேண்டாம், அந்தப் பொடி நஞ்சு.

எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது என்று சொல்வார்கள். ஈயத்துக்குத் துரு ஏது? ஸ்பிரிங் துப்பாக்கியில் அந்த எண்ணெய் அழுத்தத்தில் பற்றி ‘டப்’ என்று வெடித்து வேகத்தைத் தாறுமாறாக்கும். சிலிண்டர் துப்பாக்கியில் உயர் அழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்வது ஆபத்து.

பெல்லட்டைக் குறை சொல்லும் முன்

குரூப் திடீரென்று அகன்றால் உடனே லாட்டை மாற்றி இன்னொரு டின்னைப் பிரிக்காதீர்கள். வரிசையாகப் பாருங்கள்: சைட்டின் திருகு, கட்டையைப் பிடிக்கும் திருகு, சிலிண்டர் அழுத்தம், கடைசியாகக் குழாய். அழுத்தம் துப்பாக்கியின் கையேடு சொல்லும் கீழ் எல்லைக்குப் போனால் வேகம் குறைந்து குண்டுகள் கீழே இறங்கும். குழாயில் ஈயம் படிந்திருந்தால், இரண்டு மூன்று கம்பளித் துப்புரவுப் பெல்லட்டைச் சேர்த்துப் போட்டு ஒரு டின்னுக்கு ஒரு முறை சுட்டால் போதும். ஸ்பிரிங் துப்பாக்கியில் அதைச் சுடாதீர்கள், எடை போதாமல் பிஸ்டன் முட்டும். கம்பியால் துணியை இழுத்துத் துடையுங்கள்.

மே மாதத்தில் சிலிண்டரைக் காருக்குள் விட்டுவிட்டுப் போவது இங்கே பெரிய தவறு. 25 டிகிரியில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியது 45 டிகிரியில் 213 பாராகிவிடும். மூடிய கார் அதற்கும் மேல் கொதிக்கும். கோடையில் 180 பாரோடு நிறுத்துங்கள்.

வீட்டில் சுடுபவர்களுக்கு

மொட்டை மாடியில் பத்து மீட்டர் கிடைத்தால் பின்னால் முழுச் சுவர் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் போதாது. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். வெல்டிங் பட்டறையில் 20 செ.மீ. சதுர வாயுள்ள பெட்டி ஒன்று செய்யச் சொல்லி, உள்ளே 3 மிமீ இரும்புத் தகட்டை 45 டிகிரியில் வையுங்கள். தகட்டின் மேல் விளிம்பு உங்கள் பக்கம், கீழ் விளிம்பு பின்பக்கம். அப்போதுதான் பெல்லட் கீழே திரும்பி, அடியிலுள்ள மணலில் விழும். மாற்றி வைத்தால் மேலே பறக்கும். மரப்பலகை, டயர் ரப்பர் இரண்டிலும் பெல்லட் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்; எப்படியானாலும் கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம்.

சுட்ட கையோடு டீ, பஜ்ஜி கூடாது. சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிய பிறகுதான். பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஏற்றும் பழக்கம் சிறுவர்களிடம் உண்டு, முதல் நாளே நிறுத்துங்கள். பெட்டியைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். 10,000 பெல்லட் சுட்டால் அதில் 5 கிலோவுக்கு மேல் ஈயம் சேரும். மூடியுள்ள பெயின்ட் டப்பாவில் சேர்த்து, பழைய பேட்டரி திரும்ப எடுக்கும் கடையில் எடைக்குப் போடலாம். வரும் பணத்தில் அடுத்த டின்னுக்கான பார்சல் கூலி தேறும்.