குழந்தை துப்பினால் சிரிக்காதீர்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், இரண்டு வயது மகன் ஆத்தங்குடிக் கல் தரையில் துப்பிவிட்டு அப்பத்தா முகத்தைப் பார்ப்பான். அவர்கள் 'அடப் படவா' என்று சிரித்தால் போதும், அடுத்த துப்பு உடனே வரும். அந்தச் சிரிப்புதான் அவனுக்குக் கூலி. கத்தினாலும் அதேதான், எல்லாரும் அவனைத்தானே பார்க்கிறோம்.

ஆறேழு மாதக் குழந்தை எச்சிலை ஊதி 'புர்ர்' என்று விளையாடினால் விட்டுவிடுங்கள், அது வாய்ப் பழக்கம். ஒன்றரை வயதுக்கு மேல் துப்புவது பெரும்பாலும் கோபம், 'வேண்டாம்' என்று சொல்ல வார்த்தை வராத தவிப்பு, இல்லையென்றால் பார்த்துச் செய்வது. திருஷ்டி சுற்றி 'தூ தூ' என்பதையும், வெற்றிலை போட்டுத் துப்புவதையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது!

துப்பினால் முகத்தில் எதையும் காட்டாமல், அவன் உயரத்துக்குக் குனிந்து, 'துப்பக் கூடாது. பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லு' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அப்புறம் ஒரு துணியைக் கொடுத்து, உங்களோடு சேர்ந்து துடைக்க விடுங்கள். துப்புகிற இடம் பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் மட்டும். கோபத்திலும் துப்பாமல் வாயால் சொன்னான் என்றால் அந்த நொடியே பாராட்டுங்கள். எங்களுக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். தாத்தா, அப்பத்தா உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடிக்கவோ, பதிலுக்குத் துப்பிக் காட்டவோ வேண்டாம்.

திடீரென எச்சில் நிறைய வழிந்து, விழுங்கச் சிரமப்பட்டாலோ மூச்சு வாங்கினாலோ அது குறும்பு இல்லை. உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.