ஏலத்தில் வாங்கிய அலுவலகத் தட்டச்சுப்பொறியை மீண்டும் இயங்க வைப்பது எப்படி?

அலுவலக மேசைகளைக் கணினி பிடித்துக்கொண்டபின், தட்டச்சுப்பொறிகள் முதலில் பதிவறைக்கும் பிறகு ஏலத்துக்கும் போய்ச் சேர்ந்தன. 1955-இல் இந்தியாவில் தட்டச்சுப்பொறி தயாரிக்கத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனமும் 2009-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இன்று கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ பயன்படுத்திக் கழித்த பொறியே. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வுகள் பொறியிலேயே நடந்து வந்ததால் பயிலகங்களில் அதன் தேவை நீடித்தது. ரிப்பனும் பழுது பார்ப்பவரும் இன்னும் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

வாங்குமுன், தாளைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் மேற்பகுதியான கேரேஜை வலக்கோடிக்குத் தள்ளிவிட்டு, இடைவெளிக் கட்டையைத் தொடர்ந்து தட்டிப் பாருங்கள். கேரேஜ் ஒவ்வோர் எழுத்திடமாக, தயங்காமல் இடக்கோடி வரை நகர வேண்டும். நகரவே இல்லையென்றால் அதை இழுக்கும் பட்டை அறுந்திருக்கலாம் அல்லது சுருள்வில் தளர்ந்திருக்கலாம். இரண்டையும் பழுது பார்ப்பவரிடம் விடுவதே நல்லது. துருவேறி எழுத்துமுகம் அரித்துப்போன பொறியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

விசையை அழுத்தினால், எழுந்துபோய்த் தாளில் எழுத்தை அடிக்கும் எழுத்துக்கம்பி பாதியில் நின்றுவிடுவதுதான் மிகப் பரவலான கோளாறு. அதைக் கண்டதும் எண்ணெய் விடத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் கம்பியை நிறுத்துவதே பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய பிசின்தான், புதிய எண்ணெய் மேலும் தூசியைத்தான் பிடித்து வைக்கும். எனவே முதலில் உலர்ந்த தூரிகையால் உட்புறத்தைத் துடைத்து, பிறகு திறந்தவெளியில், அருகில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், கம்பிகள் வந்து கூடும் பிறைவடிவப் பள்ளங்களில் சிறிது பெட்ரோலைத் தூரிகையால் தடவி, ஒவ்வொரு விசையையும் பலமுறை அழுத்துங்கள். கம்பி தன் எடையிலேயே தடையின்றி விழும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். எழுத்துமுகங்களில் அடைந்த மையைப் பழைய பல்துலக்கியால் எடுக்கலாம். தையல் இயந்திர எண்ணெய் கேரேஜ் ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும், அதுவும் ஓரிரு சொட்டு போதும்.

ரிப்பன் வாங்கும்போது பழைய சுருளைத் தூக்கி எறியாதீர்கள். சுருளின் அளவு பொறிக்குப் பொறி மாறும் என்பதால், புதிய ரிப்பனைப் பழைய சுருளிலேயே சுற்றிக்கொள்வது பாதுகாப்பானது. பல பொறிகளில் ரிப்பன் முனையருகே உள்ள சிறு உலோக வளையமே அதன் திசையைத் திருப்புகிறது. அது இல்லாத ரிப்பன் கோடியில் போய் நின்றுவிடும். புதிய ரிப்பனிலும் எழுத்தே விழவில்லையென்றால், நிறம் மாற்றும் நெம்புகோல், எழுத்து ரிப்பனில் படாமல் நேரே தாளில் அடிக்கும் ஸ்டென்சில் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மெழுகுத்தாளில் (ஸ்டென்சில்) எழுத்தைத் தட்டி வெட்டி, அதன் வழியே மை செலுத்தி நகலெடுத்த சைக்ளோஸ்டைல் காலத்தில் ஸ்டென்சில் வெட்டிய பொறிகளில் அது அப்படியே விடப்பட்டிருப்பதுண்டு.

ரப்பர் உருளை கல்லாக இறுகியிருந்தால் முற்றுப்புள்ளி தாளைத் துளைக்கும். உருளையை மாற்றும்வரை, தட்டும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தடித்த தாளையும் சேர்த்துச் செருகிச் சமாளிக்கலாம்.

தமிழ்ப் பொறியென்றால் இன்னொரு சோதனையும் உண்டு. புள்ளிக்கான விசையை அழுத்தும்போது கேரேஜ் நகரக் கூடாது. அடுத்துத் தட்டும் மெய்யின் தலையில் அந்தப் புள்ளி அமர வேண்டும். நகர்ந்துவிட்டால் புள்ளி தனியே விழும், அதைச் சரிசெய்வது தமிழ்ப் பொறிகளைக் கையாண்டு பழகியவரால் மட்டுமே ஆகும்.