மாகுலா சிதைவு: வீட்டுப் பெரியவர்களுக்குச் சிகிச்சையைத் தொடங்குவதும் தொடர்வதும்

அறுபதைத் தாண்டிய ஒருவர், எதிரில் நிற்பவரின் முகம் நடுவில் மட்டும் கலங்கித் தெரிகிறது என்றோ, சன்னல் கம்பி வளைந்திருக்கிறது என்றோ சொன்னால், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "புரையாக இருக்கும், அறுவடை முடியட்டும்" என்பதுதான். புரைக்குப் பொதுவாகச் சில மாதம் பொறுக்கலாம். ஆனால் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா வயதால் சிதைந்து, அங்கே புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு வாரத் தாமதமும் பார்வையில்தான் கழியும். கண் முகாமில் "புரை இல்லை" என்று சொல்லி அனுப்பியதைக் கண்ணில் கோளாறே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகாம்கள் பெரும்பாலும் புரையைத் தேடித்தான் நடக்கின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே புள்ளி வைத்து, படிக்கும் கண்ணாடியுடன் ஓரடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அந்தப் புள்ளியையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கோடு நெளிந்தாலோ, நடுவில் கறை தெரிந்தாலோ, விழித்திரை நிபுணர் எந்தக் கிழமையில் வருகிறார் என்று விசாரித்து அதே வாரத்தில் அழைத்துச் செல்லுங்கள். அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். அன்று பெரியவர் தானே வண்டி ஓட்டித் திரும்ப முடியாது.

இந்தச் சிதைவில் குழாய்க் கசிவு இல்லாதது உலர் வகை, கசிவு உள்ளது ஈர வகை. உலர் வகை என்று சொன்னால், இழந்த பார்வையை மீட்கும் மருந்து இன்று இல்லை. நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு, வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 அலகு, துத்தநாகம், தாமிரம், லூட்டீன் 10, ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் எழுதுவார். இவ்வகைக் கூட்டு மாத்திரை ஐந்தாண்டுகளில் நோய் முற்றும் அபாயத்தை ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2001-இல் காட்டியது. பீட்டா கரோட்டின் கலந்த பழைய வகை, புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டும் என்பதால் அட்டையைப் படித்து வாங்குங்கள். தொடக்க நிலையிலேயே இதை வாங்கிக் குவிப்பது வீண் செலவு என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு முருங்கைக்கீரையும் மீனும் வாங்கலாம். பீடியும் திருச்சிச் சுருட்டும் கட்டாயம் நிற்க வேண்டும். முற்றிய உலர் வகையின் பரவலை மெதுவாக்கும் இரண்டு ஊசி மருந்துகளுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவையும் போன பார்வையைத் திருப்பித் தருவதில்லை.

ஈர வகைக்குத்தான் உறுதியான சிகிச்சை இருக்கிறது. கசியும் குழாய்களை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவார்கள். கண்ணில் ஊசி என்றதும் பெரியவர்கள் மிரளுவது இயல்பு; மரத்துப்போகும் சொட்டு விட்டு, அயோடின் கரைசலால் சுத்தம் செய்து, சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகிய ஊசி மருந்துகளின் விலையைக் கேட்டுத் தயங்குபவர்கள் பெவசிசுமாபைப் பற்றிக் கேட்கலாம். புற்றுநோய்க்கென வந்த மருந்தானாலும், பார்வையைக் காப்பதில் அது ரானிபிசுமாபுக்கு இணையாக நின்றதை 2011-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. பெரிய குப்பியிலிருந்து பிரித்துப் போடுவதால், அதைத் தூய்மையாகக் கையாளும் மருத்துவமனையாக இருக்க வேண்டும். உள்நாட்டில் தயாராகும் ரானிபிசுமாபும் கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரும்பாலும் மாதம் ஒன்றாக முதல் மூன்று ஊசிகள் போடப்படும். பின்னர் ஸ்கேனைப் பார்த்து இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுவார்கள். சிகிச்சை பெரும்பாலும் அறுந்துபோவது இங்கேதான். குறுவை நடவு, சம்பா அறுவடை, பொங்கல் என்று தவணை தள்ளிப்போகிறது, கசிவு திரும்புகிறது. ஊசித் தேதிகளை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து, அன்று யார் கூடப் போவது என்பதையும் வீட்டில் முடிவுசெய்துகொள்ளுங்கள். ஊசி போட்ட சில நாட்களில் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ அன்றே ஓடுங்கள். அரிதாக வரும் உட்கண் தொற்று மணிக்கணக்கில் முற்றக்கூடியது. ஆசியர்களிடம் அதிகம் காணப்படும், குழாய்கள் முடிச்சாகப் புடைக்கும் வகைக்கு, ஊசியுடன் ஒளிவினை லேசர் சிகிச்சையும் தேவைப்படலாம்.

நடுப்பார்வை ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, பிரகாசமான மேசை விளக்கு, எழுத்தைப் படித்துச் சொல்லும் கைப்பேசி ஆகியவை உதவும். இப்படிப்பட்டவர்கள் சிலர், திண்ணையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், சுவரில் பூக்கோலம் ஓடுகிறது என்று சொல்வதுண்டு. பார்வை குறைந்த இடத்தை மூளை தானே உருவங்களால் நிரப்பிக்கொள்வதால் வருவது இது; மற்றபடி அறிவு தெளிவாக இருக்கும் பெரியவரை மந்திரிக்க அழைத்துப்போகாமல், அடுத்த தவணையில் கண் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.